காமன்ஸ் சபையிலிருந்து பிரபுக்கள் சபைக்கு: நான் உடனிருந்து கண்ட நடைமுறை

2024 மே 30 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது, இனிப் போட்டியிடுவதில்லை என்று அறிவித்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தொகுதி மக்களின் கோப்புகளை முடித்துவைக்கும் வேலையோடு, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் ஆயுள் முழுவதும் அமரும் உரிமை தரும் வாழ்நாள் பிரபுப் பட்டத்தை அவர் பெறுவதற்கான வேலையும் சேர்ந்தே நடந்தது.

கட்சித் தலைவர் பெயரைக் கொடுத்ததும் பட்டம் உறுதியாகிவிடுவதில்லை. பிரபுக்கள் சபை நியமன ஆணையம் அவருடைய வரி விவகாரங்கள், தொழில் தொடர்புகள், அரசியல் நன்கொடைகள் ஆகியவற்றை ஆராய்ந்த பிறகே, பிரதமரின் பரிந்துரை மன்னரிடம் செல்கிறது. அதற்கான தாள்களைத் திரட்டிக்கொடுத்தபோது ஒன்று எனக்கு உறுத்தியது. கட்சிகள் முன்மொழிபவர்களிடம் நேர்மையில் குறை உண்டா என்றுதான் ஆணையம் பார்க்கிறது. சபைக்கு ஒழுங்காக வந்து உழைப்பாரா என்பதை அது எடைபோடுவதில்லை. ஆயுள் முழுவதற்குமான இடத்துக்கு அந்தக் கேள்வியையும் கேட்டேயாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேர்தல் நாளான ஜூலை 4 அன்றே பட்டம் பெறுவோரின் பட்டியல் வெளியாயிற்று. பிறகு, எந்தப் பெயரில் பட்டம் என்பதை கார்ட்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ் என்னும் அரச அதிகாரியோடு பேசி முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதே குடும்பப் பெயரில் ஏற்கெனவே ஒரு பிரபு இருந்தால், ஊர்ப் பெயரையும் சேர்த்தாக வேண்டும். 1997 முதல் மெய்டன்ஹெட் தொகுதியின் உறுப்பினராக இருந்த முன்னாள் பிரதமர் தெரசா மே, அவ்வூரின் பெயரையே தம் பட்டத்தில் சேர்த்துக்கொண்டார். எங்கள் உறுப்பினரும் தம் தொகுதியின் பெயரைத்தான் கேட்டுப் பெற்றார். அது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

அறிமுக நாளில், வெண்ரோமப் பட்டைகள் தைத்த செந்நிற அங்கியணிந்து, இருபுறமும் ஆதரவாளர்களான இரு பிரபுக்களுடன் அவர் அவைக்குள் நுழைந்தார். பட்டம் வழங்கும் அரச பட்டயத்தை எழுத்தர் படித்து முடித்ததும், உறுதிமொழி எடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அவைத் தலைவரோடு கைகுலுக்கினார். பல மாதக் காத்திருப்பு சில நிமிடங்களில் முடிந்தது.

பிரபுக்களுக்குச் சம்பளம் கிடையாது. வருகை நாள்களுக்கு மட்டுமே படி உண்டு. ஊழியர்களை அமர்த்திக்கொள்ளத் தனி நிதியும் கிடையாது. ஆகவே, குடியேற்றச் சட்ட மசோதாக்கள் வரும்போது அவருக்குக் குறிப்பெழுதித் தரும் பணியை, வேறொரு வேலையில் சேர்ந்த பின்னரும் மாலை நேரங்களில் தொடர்ந்து செய்துவருகிறேன்.