இலை பழுக்க முன்னம்

செப்டெம்பர் பிறந்தால் எங்கட ஆக்கள் அல்கொங்குயின் காட்டுப் பூங்காவுக்கு இலைகளின் கலர் பார்க்கப் போக வான் பேசத் தொடங்கிவிடுவார்கள். எனக்கென்னவோ, கார் வைப்பருக்குக் கீழே வந்து அடைகிற மேப்பிள் விதையைக் கண்டால்தான் கோடை முடிகிறது. இலை இன்னும் பச்சைதான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெரு முழுக்க நோர்வே மேப்பிள். எல்ம் மரங்களை நோய் தின்ற பிறகு, ஐரோப்பாவிலிருந்து வந்த இந்த மரத்தை இங்குள்ள நகரங்களில் தாராளமாக நட்டார்கள். இப்போது காட்டுக்குள்ளும் புகுந்து உள்ளூர் மரங்களை நெருக்குகிறது. நடக்காத மரம் அங்கே எப்படிப் போனது?

விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சோடியாகக் காய்த்து, காய்ந்ததும் நடுவில் பிரிந்து தனித்தனியே விழும். (சுகர் மேப்பிளில் சோடியில் ஒன்று பெரும்பாலும் உள்ளீடில்லாத சப்பி.) பாரம் முழுக்க ஒரு நுனியில். மற்றது வெறும் சவ்வுச் செட்டை. அதன் ஒரு ஓரத்தில் மட்டும் நரம்புகள் நெருங்கித் தடித்திருக்கும். சுழன்று விழும்போது அந்த ஓரம்தான் காற்றை வெட்டிக்கொண்டு முன்னே போகும். அதன் மேற்புறத்தில் ஒரு குட்டிச் சுழல்காற்று ஒட்டியபடியே நின்று விதையைத் தாங்குகிறது என்று 2009இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சியும் வௌவாலும் பயன்படுத்துகிற அதே வித்தை. ஆறுதலாக இறங்குவதால், வழியில் காற்று அள்ளிக்கொண்டு போக நேரம் கிடைக்கிறது. செட்டையைப் பிய்த்துவிட்டுப் போட்டால் தொப்பென்று காலடியில் விழும்.

எல்லா மேப்பிளும் இந்தக் காலத்தில் கொட்டுவதில்லை. சில்வர் மேப்பிள் கோடை தொடங்கும்போதே கொட்டி, உடனேயே முளைத்துவிடும். நோர்வே மேப்பிள் விதைக்கு ஒரு பனிக்காலம் ஈரத்தில் கிடக்க வேண்டும். இப்போது கூரைப் பீலியைத் துப்புரவாக்காமல் விட்டால் வசந்தத்தில் அதற்குள் மேப்பிள் கன்றுதான்.

மகள் பச்சை விதையைப் பிளந்து மூக்கில் ஒட்டிக்கொண்டு திரிகிறாள். அதைப் பார்த்த அம்மா, “எங்கட முருங்கை விதைக்கு மூண்டு செட்டை, பிள்ளை” என்றா.

“அதுவும் சுத்துமா, அம்மம்மா?”

அம்மாவுக்கு மறுமொழி தெரியவில்லை, எனக்கும்தான். இங்கே தமிழ்க்கடையில் விற்பதெல்லாம் கறிக்கு ஏற்ற பிஞ்சு. ஊரிலிருந்து விதை கொண்டுவரப் போனால் விமான நிலையத்தில் கரைச்சல். கடைசியில், முற்றி வெடித்த காயொன்றைத் தேடி, மாடியிலிருந்து விதையைப் போட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி யாழ்ப்பாணத்திலுள்ள மாமாவுக்கு வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறோம். மாமா இரண்டு நீல டிக்கோடு நிற்கிறார்.