ஊசி போட்ட மூன்றாம் நாள் பசி

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை தொடங்கிய இரண்டாம் மாதத்தில் ஓர் இரவு, வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகாத நிலையில், சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எடை 4 கிலோ கூடியிருந்தது.

இந்தச் சிகிச்சை எடுக்கும் திருநம்பிகள் (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்கள்) பலருக்கும் நேர்வதுதான் இது. ஆனால் கூடிய எடை முழுவதும் கொழுப்பு அல்ல: தசை வளர்கிறது, உடல் சிறிது நீரையும் தேக்கிக்கொள்கிறது, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு மெல்ல வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. ஆகவே எடைக் கருவியை மட்டும் நம்பாமல், மாதம் ஒருமுறை வயிற்றுச் சுற்றளவையும் நாடாவால் அளந்து குறித்துக்கொள்கிறேன்.

வாரம் ஒருமுறை போடும் ஊசியில், இரத்தத்தில் ஹார்மோன் அளவு முதல் சில நாட்களில் உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்குகிறது. என் குறிப்பேட்டிலோ மூன்றாம் நாளுக்கு எதிரே பெரும்பாலும் ‘பசி’ என்றே இருந்தது. அன்று உணவைக் குறைக்க முயன்று தோற்றபின், ஒவ்வொரு வேளையும் புரதத்தைக் கூட்டி, வாரத்தில் 3 நாள் பளு தூக்கத் தொடங்கினேன். பசி குறையவில்லை என்றாலும் நள்ளிரவுத் தேடல் நின்றது. பட்டினி கிடப்பது தசையையும் சேர்த்துக் கரைக்கும் என்பதால் அந்த வழிக்கு நான் போகவில்லை.

எடை திடீரென ஏறிக் கால் வீங்கினாலோ, உறக்கத்தில் மூச்சுத் தடைபட்டாலோ, அடுத்த இரத்தப் பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைக் குறைக்கலாமா என்று நானும் ஒருமுறை கேட்டேன். அறிக்கையைப் பார்த்துவிட்டு, “அளவு சரியாகத்தான் இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுங்கள்” என்றார்.