'பிக்கப் மி' ஏன் தவறு? 'பிக் மி அப்' ஏன் சரி?

'என்னை பிக்கப் பண்ணு' என்று தமிழில் சொல்கிறோம். அதையே ஆங்கிலத்தில் சொல்லப் போனால் 'பிக்கப் மி' என்று வாயில் வந்துவிடுகிறது. சரியானது 'பிக் மி அப்'. 'டர்ன் ஆஃப் இட்', 'ஃபில்லப் இட்', 'கால்பேக் மி', 'த்ரோ அவே தெம்' எல்லாம் இதே பிழையின் உடன்பிறப்புகள். இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களும் வேகமாகப் பேசும்போது இங்கே வழுக்குகிறார்கள். ஏன் என்று தேடிப் போனால், அந்தச் சொற்களைத் தமிழுக்குள் நாம் எப்படி எடுத்து வைத்திருக்கிறோம் என்பதில் போய் நிற்கும்.

பிக்கப், டிராப், ஃபில்லப், செக்கப் என்று எதை எடுத்தாலும் அதை முழுச் சொல்லாக வாங்கி, பின்னால் 'பண்ணு' சேர்த்துவிடுகிறோம். 'பிக்கப்' நம் வாயில் உடையாத ஒரே கட்டி. ஆங்கிலத்தில் அது வினையாக வரும்போது 'பிக்' தனி, 'அப்' தனி. நடுவே ஓர் இடம் காலியாக இருக்கிறது. மி, யூ, இட், ஹிம், ஹெர், அஸ், தெம் என்ற பிரதிப்பெயர்கள் உட்காருவது அந்த இடத்தில்தான். ஆங்கிலத்திலும் 'பிக்கப்' ஒரே சொல்லாக உண்டு; ஆனால் அது பெயர்ச்சொல், அழுத்தம் 'பிக்'கில் விழும். வினையில் 'மி'யைச் சேர்த்துச் சொல்லும்போது அழுத்தம் 'அப்'புக்கு நகர்ந்துவிடும்.

விதி சின்னது. பொருளின் பெயரைச் சொன்னால் இரண்டு இடமும் சரி: 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்'. பெயருக்குப் பதில் 'இட்' வந்தால் ஒரே இடம்: 'டர்ன் இட் ஆஃப்'.

இதை வெறும் விதியாக மனப்பாடம் செய்தால் நிற்காது. காரணம் தெரிந்தால் நிற்கும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும்போதுதான் 'இட்' என்கிறோம். அதில் புதுச் செய்தி ஏதும் இல்லை, குரல் அழுத்தமும் இல்லை. ஆங்கில வாக்கியமோ கனமானதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் பழக்கம் உள்ளது. 'ஆஃப்'பில்தான் செய்தி இருக்கிறது: அணைக்கச் சொல்கிறோமா, போடச் சொல்கிறோமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதனால் கடைசி இடம் அதற்கு. இதே காரணத்தால், பெயர் நீண்டுபோனால் நேர்மாறாக நடக்கும். 'பின்னறையில் எரிகிற அந்தப் பழைய விளக்கு' என்று ஐந்தாறு சொற்கள் வந்தால், அதை நடுவில் திணித்து 'ஆஃப்'பைக் கடைசி வரை காக்கவைக்க மாட்டார்கள்; 'டர்ன் ஆஃப்' என்று முடித்துவிட்டுத்தான் பெயரைச் சொல்வார்கள்.

'திஸ்', 'தட்' இரண்டும் பெரும்பாலும் 'இட்' போலவே நடுவில் வரும்: 'டர்ன் தட் ஆஃப்'. 'சம்திங்', 'சம்ஒன்' அப்படி இல்லை, பெயர்ச்சொல் போல இரு பக்கமும் போகும்.

உண்மையான சிக்கல் இந்த விதியைக் கற்றுக்கொண்ட பிறகுதான் வருகிறது. எல்லாவற்றையும் பிளக்கத் தொடங்கி 'லுக் இட் ஃபார்', 'வெய்ட் மி ஃபார்' என்று போய்விடுவார்கள். 'லுக் ஃபார் இட்', 'வெய்ட் ஃபார் மி', 'லிசன் டு ஹெர்', 'லுக் ஆஃப்டர் தெம்' ஆகியவற்றில் இரண்டாம் சொல் வினையோடு ஒட்டியதல்ல. அது ப்ரிபொசிஷன்; தனக்குப் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டிருப்பது. தமிழில் வேற்றுமை உருபு பெயரை விட்டுப் பிரியாதது போல, இந்த வாக்கியங்களில் பெயர் அதைத் தாண்டி நடுவே வர முடியாது.

இந்த வேறுபாட்டை ஓர் எழுத்தில் காட்டும் இரண்டு வாக்கியங்கள் உண்டு. 'ஷி ரேன் அப் எ ஹில்': அவள் ஒரு குன்றில் ஏறி ஓடினாள். 'ஷி ரேன் அப் எ பில்': அவள் கடனைச் சேர்த்துக்கொண்டே போனாள். பார்த்தால் ஒரே அச்சு. இரண்டிலும் கடைசிப் பெயரை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். குன்று 'ஷி ரேன் அப் இட்' ஆகிறது, கடன் 'ஷி ரேன் இட் அப்' ஆகிறது. முதலில் 'அப்' ஓடிய திசையைச் சொல்லிக் குன்றோடு சேர்கிறது. அடுத்ததில் 'ரன்'னோடு கலந்து 'சேர்த்துக்கொண்டே போ' என்ற புதுப் பொருளைத் தருகிறது.

எது எந்த வகை என்று அறிய, வினைக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே 'எப்படி' என்று சொல்லும் ஒரு சொல்லை நுழைத்துப் பார்க்கலாம். 'லுக் கேர்ஃபுலி ஃபார் த கீ' இயல்பாக நிற்கும். 'டர்ன் க்விக்லி ஆஃப் த லைட்' உடைந்துவிடும். நின்றால் 'இட்' கடைசியில், உடைந்தால் நடுவில். காதாலும் பிடிக்கலாம்: ஃபார், அட், டு மூன்றும் 'இட்'டுக்கு முன்னால் மெலிந்து ஒலிக்கும், பிரியும் வகையில் கடைசியில் நிற்கும் ஆஃப், அப், அவே ஓங்கி ஒலிக்கும். ஆனால் ஆஃப்டர், அக்ராஸ், த்ரூ, ஓவர் வரும்போது காதை நம்பாதீர்கள். அவை ப்ரிபொசிஷனாக இருக்கும்போதும் அழுத்தம் வாங்கும். 'லுக் ஆஃப்டர்', 'கம் அக்ராஸ்', 'கெட் ஓவர்' போன்றவற்றை ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்வதே நல்லது.

இடம் மாறினால் பொருளே மாறும் ஜோடிகளும் இருக்கின்றன. 'சீ த்ரூ ஹிம்' என்றால் அவன் போடும் வேஷத்தைக் கண்டுகொள்வது. 'சீ ஹிம் த்ரூ' என்றால் கஷ்டகாலம் தீரும்வரை அவனுக்குத் துணை நிற்பது. ஒருவருக்கு நன்றி சொல்ல நினைத்து 'யூ சா த்ரூ மி' என்றால், 'என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்' என்று ஆகிவிடும். 'டர்ன் இட் ஆன்' என்றால் விளக்கைப் போடுவது; 'த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்' என்றால் நாய் திடீரென்று அவன்மேல் பாய்ந்தது.

மூன்று சொல் கொண்டவற்றில் தயங்க வேண்டியதில்லை. 'புட் அப் வித் இட்', 'லுக் ஃபார்வர்ட் டு இட்', 'ரன் அவுட் ஆஃப் இட்' என்று 'இட்' கடைசிக்கே போகும், கடைசிச் சொல் ப்ரிபொசிஷன் என்பதால். திருப்பிக் கொடுப்பதில் பொருளும் ஆளும் சேர்ந்து வந்தால், பொருளை நடுவிலும் ஆளை 'டு'வோடு கடைசியிலும் வையுங்கள்: 'கிவ் இட் பேக் டு மி'.

'இட்'டை எங்கே வைப்பது என்பதைவிட, அதை வைக்காமலே விட்டுவிடுவது இன்னும் பரவலான பிழை என்பேன். தமிழில் 'எழுதி வச்சுக்கோ', 'ஆஃப் பண்ணிடு' என்றாலே போதும். 'அதை' என்று சொல்லத் தேவையில்லை. அதே பழக்கத்தில் 'ப்ளீஸ் ரைட் டவுன்', 'ஐ வில் ஸ்விட்ச் ஆஃப்' என்று நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலக் காதுக்கு அது பாதியில் அறுந்த வாக்கியம். 'ரைட் இட் டவுன்', 'ஐ வில் ஸ்விட்ச் இட் ஆஃப்' என்று சொன்னால்தான் முடிந்ததாகத் தோன்றும்.

ஆகவே குறிப்பேட்டில் 'பிக் அப் = எடு' என்று எழுதாதீர்கள். 'பிக் இட் அப் = அதை எடு', 'லுக் ஃபார் இட் = அதைத் தேடு' என்று 'இட்'டோடு சேர்த்தே எழுதுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கான லாங்மன் அகராதியில் 'பிக் சம்திங் அப்' என்று இருக்கும் இடத்தில் இரு பக்கமும் முனை உள்ள ஒரு சிறிய அம்பு போட்டிருப்பார்கள். அம்பு இருந்தால் பெயர் இரு பக்கமும் போகலாம், 'இட்' நடுவில்தான் என்று அர்த்தம்.

வாயைப் பழக்கும்போது மூன்று சொல்லாகப் பிரித்துச் சொல்ல வேண்டாம். 'டர்ன் இட் ஆஃப்' பேச்சில் 'டர்னிடாஃப்' என்று ஒரே மூச்சில் வரும். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிடப்'. 'கால் ஹிம் பேக்' என்பதில் 'ஹ' கரைந்து 'காலிம்பேக்' ஆகும். 'புட் தெம் ஆன்' பல சமயம் 'புட்டெமான்' என்றே காதில் விழும். ஒரு நாளைக்கு ஐந்து வினை, ஒவ்வொன்றையும் முதலில் பெயரோடும் உடனே 'இட்'டோடும் சத்தமாகச் சொல்லுங்கள்: 'டர்ன் ஆஃப் த ஃபேன், டர்னிடாஃப்', 'பிக் அப் த பேக், பிக்கிடப்'. வாய் பழகும்வரை ஃபார், டு வகையை இதோடு கலக்காமல், வேறொரு நாளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.