வளவில் ஒரு நிலாத் தரை: மூன்றாம் வாரம்

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம். வளவு முற்றத்தில் ஐந்து சாக்குச் செம்மண்ணைப் பரப்பி, சரளைக்கல் தூவி, டம்ளர் அடியால் அமுக்கிக் குழிகள் போட்டேன். மாடிக் கைப்பிடியில் கப்பி மாட்டி, கயிற்றில் ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியின் கேமராவைத் தொங்கவிட்டேன். உயரம் 3 மீட்டர்.

2023 ஆகஸ்ட் 23 அன்று நம் சந்திரயான்-3-இன் லேண்டர் (நிலவில் தரையிறங்கும் கலம்) விக்ரம், நிலவுக்கு 150 மீட்டர் உயரத்தில் சற்று நின்று, கல்லும் குழியும் இல்லாத இடம் பார்த்துத்தான் இறங்கியது. அதில் ஐம்பதில் ஒரு பங்கு என் கணக்கு. 2 மீட்டர் அகல லேண்டருக்குப் பதில் 4 செ.மீ. அட்டைப்பெட்டி.

நான் எழுதிய புரோகிராம் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். வெளிச்சம் அதிகம் ஏறி இறங்காத கட்டம்தான் அதற்குச் சமதரை.

உச்சி வெயிலில் முதல் சோதனை. மண்ணும் சரளையும் ஒரே நிறம், நிழலே இல்லை, எல்லாக் கட்டமும் 'சமதரை' என்று வந்தது. அது காட்டிய இடத்தில் பெட்டியை வைத்தால், ஒரு ஓரம் 1 செ.மீ. கல்மேல் ஏறி 14 டிகிரி சாய்ந்து நின்றது. விக்ரமின் கால்கள் தாங்குவதோ 12 டிகிரி. சரி, நாலு மணிக்குப் பார்ப்போம் என்றால், சுவர் நிழல் பாதி முற்றத்தை மூடிவிட்டது. நிழலின் விளிம்பைப் பள்ளம் என்று ஒதுக்கியது கேமரா.

அப்பத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "திருகாணி தொலைஞ்சா விளக்கைத் தரையில வச்சுத்தாம்ப்பா தேடுவோம்" என்றார்கள்.

அன்று ராத்திரியே எல்லா விளக்கையும் அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்தேன். ஒவ்வொரு சரளைக்கும் விரல் நீள நிழல்! கல் என்றால் டார்ச் பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. குழி என்றால் அப்படியே தலைகீழ்: டார்ச் பக்கத்து விளிம்பு இருட்டாகவும் எதிர்ச்சரிவு பளிச்சென்றும் இருந்தது. விக்ரம் இறங்கியதும் நிலவின் காலைப் பொழுதில்தான். தாழ்ந்த சூரியன், நீண்ட நிழல்கள். அந்த நேரத்தின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. 20 முறை இறக்கியதில் 17 முறை பெட்டி சாயாமல் உட்கார்ந்தது.

தவறிய மூன்றும் ஒரே காரணம்: கும்மிருட்டான நிழலும் ஏற்ற இறக்கம் இல்லாமல் சமதரை போலவே தெரிகிறது. இப்போதைக்கு இருண்ட கட்டங்களை அப்படியே தள்ளச் சொல்லியிருக்கிறேன், அதில் நல்ல இடமும் சேர்ந்து போகிறது. நாசா 2014-ல் மார்ஃபியஸ் லேண்டரில் லேசர் கொண்டு தரையை அளந்து சோதித்தது. லேசருக்குச் சூரிய வெளிச்சம் தேவையில்லை. சின்ன லேசர் சென்சார் ஒன்று சொல்லியிருக்கிறேன், வந்ததும் அந்த மூன்று இடங்களிலேயே முதலில் இறக்கிப் பார்க்க வேண்டும்.