விடுவிக்கும் வரிசை

இயங்குதளத்தின் மையமான கெர்னலில் வேலைசெய்யும் குழுவில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) ஃபைலில் டேப்பும் ஸ்பேஸும் கலந்து கிடந்ததைச் சரிசெய்வது. லினக்ஸ் கெர்னலில் ஒரு டேப் என்றால் எட்டு எழுத்து அகலம். எழுதும் முறைக்கென்று விதிகள் உண்டு, மீறினால் எச்சரிக்க செக்பேட்ச் என்றொரு ஸ்கிரிப்டும் உண்டு. ஓட்டிப் பார்த்தேன், இருநூறுக்கும் மேல் எச்சரிக்கைகள். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினேன். நடுவில் ஒரு தப்பான நிபந்தனை கண்ணில் பட்டது, அதையும் சரிசெய்து எல்லாவற்றையும் ஒரே பேட்சாக, அதாவது ஒரே மாற்றக் கோப்பாக, அனுப்பினேன். அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னரிடமிருந்து அன்றே பதில் வந்துவிட்டது: ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான், பிரித்து அனுப்பவும்.

எரிச்சலாக இருந்தது. சரியாகத்தானே செய்திருக்கிறோம், பிரித்தால் என்ன பிரிக்காவிட்டால் என்ன என்று தோன்றியது. காரணம் புரிய ஆறு மாதம் ஆனது. கெர்னலின் புதிய வெளியீடு ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது, ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கமிட்கள், அதாவது பதிவான மாற்றங்கள். போன வெளியீட்டில் ஓடிய ஒன்று இதில் ஓடவில்லையென்றால் எந்தக் கமிட்டில் உடைந்தது என்று தேடித்தரும் கிட் பைசெக்ட்தான் துணை. நடுவிலிருக்கும் கமிட்டை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும், நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும், மிச்சத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். பத்தாயிரம் கமிட் இருந்தாலும் பதினான்கு முறைக்குள் ஒரே கமிட்டில் வந்து நிற்கும். அப்படி வந்து நின்ற கமிட்டில் இருநூறு வரி இடைவெளித் திருத்தமும் அதற்குள் ஒரு நிபந்தனை மாற்றமும் கிடந்தால், அத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்தவர் மறுபடியும் தேட வேண்டும். வேறொருவருடைய அப்படிப்பட்ட கமிட்டில் நான் ஒரு முழு நாளைச் செலவழித்த அன்றுதான் அந்த மெயின்டெய்னரின் பதில் உறைத்தது.

அந்தக் காலத்தில் எனக்குக் கெர்னல் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் குழுவின் மூத்த பொறியாளர். கணினி நின்றுபோகும்போது கெர்னல் கக்கும் ஊப்ஸ் செய்தியை அவர் மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்ப்பார். ஒருமுறை, நல் பாயிண்டரை, அதாவது எதையும் சுட்டாத காலி முகவரியை, தொட்டதாக வந்த ஊப்ஸில் முகவரி 18 என்றிருந்தது. "சார், முகவரி பூஜ்யம்னுதானே வரணும்?" என்று கேட்டேன். "அது முகவரி இல்லப்பா, தூரம். பதினாறடிமானத்துல 18னா 24 பைட். ஸ்ட்ரக்சர்ல 24 பைட் தள்ளி என்ன இருக்குன்னு போய்ப் பாரு, எந்த பாயிண்டர் காலியா இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும்" என்றார். போய்ப் பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. 6பி என்ற எண்ணையும் அவர்தான் அறிமுகப்படுத்தினார். மெமரி ஒதுக்கும் பகுதியில் பிழைதேடும் வசதியை இயக்கிவிட்டால், விடுவித்த மெமரியைக் கெர்னல் 6பி என்ற பைட்டால் நிரப்பிவிடும். பிராசஸரின் ரெஜிஸ்டரில் 6பி6பி6பி6பி என்று பார்த்தால், யாரோ விடுவித்துவிட்ட இடத்தை வேறு யாரோ இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாம் வருடம் எனக்கு ஒரு சீரியல் கார்டு டிரைவரைச் சுத்தம் செய்யும் வேலை வந்தது. தொழிற்சாலைக் கருவிகளோடு பேசும் பெட்டிகளில் இருக்கும் கார்டு அது. பழைய டிரைவர். எடுத்த ஒவ்வொன்றையும் கையாலேயே திருப்பிக் கொடுக்கும் பாணியில் எழுதப்பட்டது: இண்டரப்ட் (வன்பொருள் கெர்னலைக் கூப்பிடும் மணி) கேட்டால் அதை விடுவிக்க ஒரு வரி, மெமரி கேட்டால் அதற்கொரு வரி, நடுவில் எது தோற்றாலும் கோட்டூ போட்டுக் கீழே தாவிப் பின்னோக்கி விடுவித்துக்கொண்டே வரும் ஏணி. 2007 முதலே கெர்னலில் டெவ்எம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் வழியாகக் கேட்டால், டிரைவர் விலகும்போது எல்லாவற்றையும் கெர்னலே, வாங்கியதற்கு நேர் எதிர் வரிசையில், விடுவித்துவிடும். நான் இண்டரப்ட் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். நாற்பத்து மூன்று வரி குறைந்தது. தரவைத் தற்காலிகமாக வைக்கும் ஒரு பஃபரை மட்டும் விட்டுவைத்தேன், ஓடும்போதே அதன் அளவு மாறும் என்பதால். ரிவ்யூவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஃபைலைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் மனதுக்கு நிறைவாக இருக்கும்.

ஒன்றரை வருடம் கழித்து, களத்தில் சில பெட்டிகள் ராத்திரியில் தானாக ரீபூட் ஆகின்றன என்று புகார் வந்தது. கார்டு பதில் சொல்லாமல் போனால் கண்காணிப்பு நிரல் டிரைவரைக் கழற்றி மறுபடியும் மாட்டும். பல ஆயிரம் முறை கழற்றி மாட்டினால் அதில் ஒருமுறை பெட்டி உறைந்துவிடுகிறது, உறைந்ததைக் கவனிக்கும் வாட்ச்டாக் அதை ரீபூட் செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கக் கழற்றி மாட்டினேன், இரண்டு நாளுக்கு ஒருமுறை விழுந்தது. எங்கே விழுகிறது என்று பார்க்க செய்தி அச்சிடும் ப்ரிண்ட்கே வரிகள் சேர்த்தேன், விழுவது நின்றுவிட்டது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. ஒரு வரி அச்சிட ஆகும் மைக்ரோ செகண்டுகளிலேயே மறைந்துவிடுகிற பிழை என்றால், இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போட்டிபோடுகிறார்கள் என்பது நிச்சயம். யார் அந்த இரண்டு பேர் என்பதுதான் தெரியவில்லை. அப்புறம் மெமரிப் பிழைதேடும் வசதியை இயக்கிவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் விழுந்தது. ரெஜிஸ்டர் முழுக்க 6பி.

விழுந்த இடம், இண்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர். பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிரைவரைக் கழற்றும்போது ஓடும் பழைய ரிமூவ் ஃபங்ஷனின் முதல் வரி இண்டரப்டை விடுவிப்பது, அதற்குப் பிறகுதான் பஃபர். என் கோடில் ரிமூவ் முதலில் பஃபரை விடுவிக்கிறது. இண்டரப்ட் டெவ்எம்மிடம் இருப்பதால், ரிமூவ் முடிந்த பிறகுதான் விடுபடுகிறது. நடுவில் சின்ன இடைவெளி. எங்கள் கார்டு அந்த நேரத்தில் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இண்டரப்ட் லைன் வேறொரு கருவியோடு பகிர்ந்துகொள்ளப்பட்டது. அந்தக் கருவி மணியடித்தாலும் எங்கள் ஹேண்ட்லரையும் கெர்னல் கூப்பிடும். ஹேண்ட்லர் முதலில் பஃபரைத் தொட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் இது நமக்கு வந்ததா என்று பார்க்கும்.

பழைய கோடை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது. கமெண்ட் எதுவும் எழுதவில்லை, வரிசையாக மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது தேவையில்லாத ஒரு வரியாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் அன்றுதான் கண்டுபிடித்தேன். பகிரப்பட்ட இண்டரப்டுகளைச் சோதிப்பதற்கென்றே கெர்னலில் ஒரு பிழைதேடும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், அப்படிப்பட்ட இண்டரப்டை விடுவிக்கும் தருணத்தில் ஹேண்ட்லரைக் கெர்னல் வேண்டுமென்றே ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். இயக்கினேன். கழற்றிய முதல் முறையே விழுந்தது. மூன்று வாரம் துரத்திய பிழை, ஒரு நொடியில். அந்தச் சோதனையை எழுதியவர், என்னைப் போல் எத்தனை பேர் இதே குழியில் விழுந்ததைப் பார்த்த பிறகு எழுதினாரோ.

திருத்தம் சின்னது: இண்டரப்டை மட்டும் பழையபடி கையால், முதல் வரியிலேயே விடுவிப்பது, ஏன் முதலில் என்று மேலே இரண்டு வரி கமெண்ட். டெவ்எம் பாணியிலேயே அழகாகச் செய்யவும் வழி இருந்தது. ஆனால் இந்தத் திருத்தம் பழைய நிலையான வெளியீடுகளுக்கும் போக வேண்டும், அங்கே சின்ன மாற்றம்தான் பாதுகாப்பு. பிழைத் திருத்தம் முதலில், சுத்தம் செய்வது தனியாக அதற்குப் பிறகு. இந்த வரிசையும் முக்கியம்தான். கமிட் செய்தியின் அடியில் ஃபிக்ஸஸ் என்று ஒரு வரி எழுத வேண்டும், எந்தக் கமிட்டில் பிழை நுழைந்ததோ அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடு. என்னுடைய கமிட்டின் 12 எழுத்துகளை எழுதினேன். கை தயங்கியது உண்மை. ஆனால் அந்த வரி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இல்லை. எந்தெந்த வெளியீடுகளில் இந்தப் பிழை இருக்கிறது, திருத்தம் எங்கெல்லாம் போய்ச்சேர வேண்டும் என்று நிலையான வெளியீடுகளைப் பராமரிப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். எழுதாமல் விட்டிருந்தால் எங்கோ ஒரு பெட்டி இன்னும் ராத்திரியில் விழுந்துகொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு, ஒரே நேரத்தில் இருவர் நுழையாமல் தடுக்கும் கெர்னலின் பெரிய பூட்டின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். 1996-இல் 2.0 வெளியீட்டில் பல பிராசஸர்களுக்கான ஆதரவு வந்தபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டாக அது வைக்கப்பட்டது. கடைசித் தடயம் நீங்கியது 2011-இல், 2.6.39-இல். இறுதிக் கட்ட வேலையில் பெரும்பங்கு கெர்னல் நிரலாளர் ஆர்ன்ட் பெர்க்மனுடையது. ஒரு பூட்டை எடுக்கப் பதினைந்து வருடமா என்று முன்பு கேட்டிருப்பேன். அந்தப் பூட்டை வைத்திருப்பவரே மறுபடியும் பூட்டலாம், அவர் தூங்கப்போனால் அது தானாகத் திறந்துகொள்ளும், விழித்ததும் மறுபடியும் பூட்டிக்கொள்ளும். சாதாரணப் பூட்டு எதுவும் அப்படி நடந்துகொள்ளாது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே இது எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. பல இடங்களில் எழுதியவருக்கே அது தெரிந்திருக்காது. நாற்பத்து மூன்று வரிக்கு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, அவர்கள் மொத்தக் கெர்னலுக்கும் கேட்டார்கள்.

இப்போதெல்லாம் இந்த வேலையில் பாதியைக் கருவிகள் செய்கின்றன. பிரான்சின் இன்ரியா ஆய்வகத்தில் வளர்ந்த காக்சினெல் ஒரு மாதிரியைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் தேடி மாற்றிக் கொடுக்கும். நானும் தினமும் பயன்படுத்துகிறேன், மிகவும் பிடித்த கருவி. ஆனாலும் அது கொடுக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே பத்து வரி, கீழே பத்து வரி படிக்காமல் நான் அனுப்புவதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வருடம் சுத்தம் செய்யும் வேலையைத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். எளிது என்பதற்காக இல்லை. அடுத்தவர் எழுதிய கோடை அவ்வளவு மெதுவாகப் படிக்க வேறெந்த வேலையும் வைக்காது.

போன மாதம் அதே சீரியல் கார்டு டிரைவருக்கு முகம் தெரியாத ஒருவரிடமிருந்து மூன்று பேட்ச்கள் வந்தன. மூன்றாவது, இண்டரப்டை டெவ்எம்முக்கு மாற்றுவது. வயிறு கொஞ்சம் கலங்கத்தான் செய்தது. முதலிலிருந்து படித்தேன். முதல் பேட்சில் ஹேண்ட்லரை மாற்றியிருந்தார், இண்டரப்ட் நமக்குத்தானா என்று பார்த்த பிறகே பஃபரைத் தொடும்படி. இரண்டாவதில் பஃபரையும் டெவ்எம்முக்குக் கொண்டுவந்து, இண்டரப்ட் கேட்பதற்கு முன்பே ஒதுக்கியிருந்தார். எதிர் வரிசையில் விடுபடும்போது இண்டரப்ட் முதலில் போய்விடும். பகிரப்பட்ட இண்டரப்ட் சோதனையை இயக்கிவிட்டு ஐயாயிரம் முறை கழற்றி மாட்டியதாகக் கமிட் செய்தியில் எழுதியிருந்தார். நானும் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்தேன். காலையில் மூன்றுக்கும் ரிவ்யூட் பை போட்டு என் பெயரை எழுதினேன். மூன்றாவது பேட்சில், கழித்தல் குறியோடு நீங்கிய வரிகளில் நான் எழுதிய அந்த இரண்டு வரி கமெண்டும் இருந்தது.