மல்லிகைப்பூ வைத்துக் கட்டி வற்றிய பால்

மகளுக்கு இரண்டு மாதம் முடிகிற நேரத்தில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஏ வகை. சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் "பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மார் இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டு, கையைத் தூக்க முடியாத வலி. ஆச்சி மல்லிகைப்பூ வாங்கி வந்து நெருக்கமாகத் தொடுத்து, மாரில் வைத்துத் துணியால் கட்டிவிட்டாள். வாட வாடப் புதுப்பூ மாற்றினாள். ஒரு வாரத்தில் பால் வற்றிவிட்டது. இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பால் வற்றவைக்கும் மாத்திரையோடு மல்லிகைப்பூவையும் ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். பூ வைத்தவர்களுக்கும் ரத்தத்தில் ப்ரோலாக்டின், அதாவது பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன், குறைந்திருந்தது.

அந்த ப்ரோலாக்டினைத்தான் ஐந்து வாரம் கழித்து நான் திரும்பத் தேடினேன்.

புட்டிப்பால் குடித்த அந்த நாட்களில் மகளுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு. இரண்டாம் முறை வேறொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏ வகைக் காமாலைக்குப் பாலை நிறுத்தவே வேண்டியதில்லையேம்மா" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு தாயிடம் பாலை நிறுத்தச் சொல்லுமுன் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டாமா?

அவரே, "திரும்ப வரும். பிள்ளை சப்பணும், அதுதான் மருந்து" என்றார். குழந்தை சப்பச் சப்ப மூளையிலிருந்து ப்ரோலாக்டின் சுரக்கும், ராத்திரியில் அது கூடுதல், அதனால் ராத்திரிப் பால் தவறக்கூடாது என்று விளக்கினார். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் பத்து நிமிடமாவது. டாம்பெரிடோன் மாத்திரை போட்டால் சீக்கிரம் வருமா என்று கேட்டேன். "இப்பத்தான் ஈரல் தேறியிருக்கு, இதயத் துடிப்பையும் பாக்கணும், உங்களுக்கு வேண்டாம்" என்று மறுத்துவிட்டார்.

சொல்வது எளிது. மகள் மாரைப் பார்த்தாலே முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள். புட்டியில் சட்டென்று வந்து பழகிய பிள்ளை, ஒன்றும் வராத இடத்தில் ஏன் சப்பப் போகிறாள்? முதல் நான்கு நாள் அப்படியே போனது. பசியில் கத்தும்போது வைப்பதை விட்டோம். அரைத்தூக்கத்தில், விளக்கை அணைத்துவிட்டு, மேல்சட்டை இல்லாமல் நெஞ்சோடு போட்டுக்கொண்டே படுத்திருப்பேன். புட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, பால்பவுடர் கரைத்த பாலைச் சங்கில் கொடுத்தோம். ஐந்தாம் நாள் விடியற்காலையில் தானாக வாய் வைத்தாள்.

வாய் வைத்தவளை அங்கேயே இருத்த வேண்டுமே. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, சங்கிலிருந்து பாலைச் சொட்டுச் சொட்டாக மார்மேல் விடுவாள். அது காம்பு வழியாக இறங்கி வாய்க்குள் போகும். மகள் ஏமாந்து சப்புவாள். பிறகு மெடிக்கலில் 5ஆம் நம்பர் ஃபீடிங் ட்யூப் வாங்கினோம். ஒரு முனை பால் கிண்ணத்தில், மறுமுனை காம்பு ஓரத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும். கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாக வரும், தாழ்த்தினால் அவள் உழைத்துக் குடிக்க வேண்டும். நாளாக நாளாகத் தாழ்த்திக்கொண்டே வந்தோம். குடித்து முடித்ததும் கையால் பீய்ச்சுவேன். ஒன்றும் வராது, ஆனாலும் பீய்ச்சுவேன். ராத்திரி 2 மணிக்கு அத்தை கிண்ணத்தைப் பிடித்தபடியே தூங்கி விழுவாள். "நான் பாத்துக்கிடுதேன், நீங்க போய்ப் படுங்க" என்றால், "பிள்ளை எனக்கும்தானட்டி பேத்தி" என்பாள்.

ஒன்பதாம் நாள் ஒரு சொட்டு. மஞ்சளாக, பிசுபிசுவென்று. ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூ கட்டின அதே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும். பூண்டும் சுறாவும் பாலைக் கொண்டுவந்தன என்று ஊரே சொல்லும். எனக்கு அவை தெம்பைத்தான் கொடுத்தன. பாலைக் கொண்டுவந்தது மகளின் வாய்தான்.

பால் வந்ததும் ஒரு தப்புச் செய்தேன். மூன்றாம் வாரம் ஆசையில் பவுடர் பாலைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அந்த வாரம் அங்கன்வாடியில் எடை போட்டபோது 40 கிராம்தான் கூடியிருந்தது. நர்சம்மா நன்றாகத் திட்டினார்கள். இந்த வயதில் வாரத்துக்கு 125 கிராமாவது ஏற வேண்டும், ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் ஒரு நாளைக்குக் கொடுக்கும் பவுடர் பாலின் மொத்தத்தில் 50 மில்லி குறைக்கலாம், சில நாள் பார்த்துவிட்டு அடுத்த 50. காலண்டரில் ஒவ்வொரு மூத்திரத்துக்கும் ஒரு கோடு போட்டேன். அதன்பிறகு எடை தவறவில்லை.

ஆறாம் வாரம் முடிந்தபோது ட்யூபை எடுத்துவிட்டோம். பால் முழுசாகத் திரும்பவில்லை. சாயங்காலம் ஒரு தடவையும் படுக்கும்முன் ஒரு தடவையும் சங்குப் பால் கடைசிவரை தேவைப்பட்டது. மிச்சமெல்லாம் என் பால். ஆறு மாதம் முடிந்து கூழ் ஊட்ட ஆரம்பித்ததும் அந்த இரண்டும் தானாக நின்றுபோயின. இப்போது ஒன்றேகால் வயது. ராத்திரி இரண்டு மணிக்கு என் முந்தானையைத் தானே விலக்கிக்கொண்டு குடிக்கிறாள்.