துடைப்பக் கட்டை நுழையும் ஓட்டை

மிலான் வந்து ஒன்பது நாளாகிறது. மூன்று வார டிசைன் படிப்பு. டுவோமோ பேராலயப் படங்களை அப்புறம் போடுகிறேன், முதலில் இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பறை மூலையில் ஓர் ஆர்கோ விளக்கு நிற்கிறது. பியர் ஜாகோமோ, அக்கீலே காஸ்திலியோனி என்ற அண்ணன் தம்பி 1962இல் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் வேண்டும், அதற்காகக் கூரையில் துளை போடக் கூடாது. அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு அதுதான். தெருவிளக்கைப் பார்த்து வந்த யோசனையாம். வில்லாக வளைந்து வரும் எஃகுத் தண்டு; அது சாயாமலிருக்க அடியில் கராரா பளிங்குக் கல், சுமார் 65 கிலோ.

அந்தக் கல்லில் ஒரு ஓட்டை. அழகுக்கு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆசிரியர் எதுவும் சொல்லாமல் ஒரு துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்து அதில் நுழைத்தார். ஒரு முனையில் நான், மறுமுனையில் கூடப் படிக்கும் துருக்கிப் பெண். பல்லக்குத் தூக்குகிற மாதிரி தூக்கி நகர்த்தினோம்! கல்லின் விளிம்புகளையும் மழுக்கியிருக்கிறார்கள், போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டால் காயம் படக்கூடாதே என்று.

கல்லூரி நாளிலிருந்து எத்தனை முறை இந்த விளக்கின் படத்தைப் பார்த்திருப்பேன். வீடு மாற்றும்போது இதைத் தூக்கப்போகிற ஆளையும் நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்பது இன்றுதான் கையில் உறைத்தது. கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

நாளை ட்ரியென்னாலே டிசைன் அருங்காட்சியகம். செம்பியோனே பூங்கா வழியாக நடந்தே போகிறோம். நோட்டும் பென்சிலும் இப்போதே பையில் வைத்தாயிற்று.